முழங்கையிலிருந்து காப்பு வரை

மேடுபள்ளத்தில் ரேஸ் ஓடிய பழைய ஸ்கிராம்ளர் மோட்டார் சைக்கிளைக் கண்டதும், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த உங்களில் பலர் செய்கிற முதல் காரியம், குனிந்து நம்பரைத் தேடுவது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதனால் பட்ட அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு என் பேச்சைக் கேட்பதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

சிரம்பானில் கடை போட்ட புதிதில், லிங்கி பக்கத்துத் தோட்டமொன்றில் கையால் கட்டிய பிரேமை ஒருவர் கொண்டுவந்தார். கைப்பிடி சேரும் கழுத்துக் குழாயில் 27 என்று குத்தியிருந்தது. தோட்டத்து பிரேம்களைப் பற்றி என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு. 'இது அந்தத் தோட்டத்து வெல்டர் கட்டிய இருபத்தேழாவது பிரேம்' என்று ஒரு தாளில் எழுதி, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் அந்தத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஒருவர் டயர் மாற்ற வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, அது லயத்து வீட்டு நம்பர்லா. ரேஸுல வண்டி மாறிப் போனா எந்த வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டணும்னு தெரியணும்ல, அதுக்குக் குத்துனது."

தோட்டத்தில் மோட்டார் கட்டியவர்கள் ஃபேக்டரி நடத்தவில்லை. பின்னால் ஒருநாள் நாம் வந்து ஆராய்ச்சி பண்ணப்போகிறோம் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. அவர்களுக்கு எது தேவையோ அதைத்தான் குத்தினார்கள், வெட்டினார்கள், ஒட்டினார்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் இந்தத் தொழிலில் பாதித் தவறுகளைத் தவிர்த்துவிடலாம்.

அந்தத் தவறில் போனது என் மானம் மட்டும்தான். அடுத்த தவறில் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. போன வருஷம் கடையை மூடும்வரை இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எழுபதுகளில் நான் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்து ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். அங்கே வெல்டராக இருந்தவரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவர் மனைவி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரை நான் அண்ணன் என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். இரத்த உறவு எதுவும் கிடையாது. ஆனால் அப்பா இல்லாமல் வளர்ந்த எனக்கு, 'சாப்பிட்டியா' என்று தினமும் கேட்ட முதல் ஆம்பளை அவர்தான்.

ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட ஆரம்பித்த காலம் அது. புல்டோசர் தள்ளிவிட்டுப் போன மேடும் பள்ளமும், கன்று வளர்ந்து மறைக்கும்வரை எங்களுக்கு ரேஸ் திடல். வேலைக்குப் போகிற சாதாரண மோட்டாரை வைத்துக்கொண்டு அந்த மேட்டில் இரண்டு முறை தாவினால் பிரேம் கழுத்தில் விரிசல் விட்டுவிடும். அண்ணன் அந்த பிரேமைத் தூக்கி எறிந்துவிட்டு இன்ஜினை மட்டும் எடுத்துக்கொள்வார். பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய குழாயை வளைத்து, ஓட்டுகிற ஆளின் உயரத்துக்கும் காலுக்கும் தகுந்த மாதிரி புது பிரேம் கட்டுவார். அதை லயத்து வீட்டின் பின்பக்கத்தில் வைத்து அளந்து, அங்கங்கே பொட்டுவைத்த மாதிரி ஒட்டுப்போட்டு ஒர்க்ஷாப்புக்குத் தூக்கி வருவார். முழு வெல்டிங் அங்கே நடக்கும். தோட்டத்து ஆபீஸ் கிராணி கண்டும் காணாததுபோல் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை ரேஸில் முதல் வரிசையில் நின்று தொப்பியை ஆட்டுபவரே அவர்தான்.

அண்ணன் இடதுகைக்காரர். அதனால் அவருடைய வெல்டிங், கழுத்துக்குக் கீழே எல்லாருக்கும் முடிகிற பக்கத்தில் முடியாமல் இடது பக்கம் வந்து முடியும். அந்த இடத்தில் பாசிப்பயறு அளவுக்கு ஒரு முடிச்சு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் இரண்டு வண்டிகளை லோரியில் ஏற்றிக்கொண்டு ஜொகூருக்கு ரேஸுக்குப் போனார். வண்டிகள் ஓடின. அவற்றை அங்கேயே யாரோ வாங்கிக்கொண்டார்கள். அண்ணன் திரும்பி வரவில்லை. "சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேலை பேசிட்டு ரெண்டு நாள்ல வரேன்னு எறங்கிட்டாருங்க" என்றார் லோரி டிரைவர். அவ்வளவுதான். கடிதம் வரவில்லை. தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். மகளுக்கு அப்போது ஐந்து வயது.

அண்ணி மகளை அழைத்துக்கொண்டு சுவாவில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போனார். நான் கொஞ்ச காலம் கழித்து சிரம்பானில் கடை போட்டேன். பழைய ரேஸ் வண்டிகளை வாங்கிச் சேர்க்கிறவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். யார் கட்டியது, எப்போது கட்டியது, யார் ஓட்டியது என்று பார்த்துத் தாள் எழுதிக்கொடுப்பது என் வேலையானது. ஆர்வத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. பழைய வண்டி எது வந்தாலும் முதலில் அதன் கழுத்துக்குக் கீழே விரலை விடுவேன். அந்த முடிச்சு கிடைக்குமா என்று பார்ப்பேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படித் தடவியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நீலாயில் பழைய மோட்டார் வாங்கி விற்கிற ஒருவர் லோரியில் ஒரு வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார்.

"ஜொகூர் குளுவாங்ல ஒரு சீன மொதலாளி, அந்தத் தவுக்கே ஸ்தோர்ல கெடந்துச்சு அண்ணே. இது யாரு கட்டுனதுன்னு நீங்க எழுதிக் குடுத்தா வாங்க ஆள் ரெடிலா. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்."

விரலை விட்டேன். இடது பக்கம், முடிச்சு இருந்தது.

அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீலாய்க்காரர் பயந்துபோய்த் தண்ணீர் வாங்க ஓடினார். எழுந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் வழக்கமாக இருக்கும் இரட்டை ஸ்பிரிங் இல்லை. சீட்டுக்கு அடியில் ஒற்றை ஸ்பிரிங். எங்கள் பக்கத்தில் அந்த மாதிரி வண்டி வந்ததே எண்பதுகளில்தான். அண்ணன் லோரி ஏறிய காலத்தில் அப்படி ஒன்றை நாங்கள் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

என் மனம் கணக்கைச் சட்டென்று போட்டு முடித்தது. பிரேம் அண்ணன் கட்டியது. ஸ்பிரிங் எண்பதுகளில் வந்தது. அப்படியானால் எண்பதுகளில் அண்ணன் உயிரோடு இருந்திருக்கிறார், எங்கேயோ உட்கார்ந்து இன்னும் பிரேம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

கடையைப் பூட்டிவிட்டு சுவாவுக்குப் புறப்பட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் போயிருக்கலாம். ஒருநாள் கழித்துப் போயிருக்கலாம். பெயிண்டை ஓர் இடத்தில் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். தேடியது கிடைத்துவிட்டது என்று விரல் சொன்னதும் மற்ற எதையும் பார்க்க நான் தயாராக இல்லை.

அந்த வீட்டில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அழைப்பிதழில் பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா வேண்டாமா என்பது ஒரு மாதமாக நடந்த பேச்சு. போடுவதென்றால் அதற்கு முன் காரியம் செய்தாக வேண்டும் என்றார் அண்ணியின் அண்ணன். அடுத்த சனிக்கிழமை போர்ட்டிக்சன் கடற்கரையில் செய்வதாக ஐயரிடம் சொல்லியும் விட்டார். அண்ணி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

நான் போய் நின்றபோது அண்ணி மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார். கையைச் சேலையில் துடைத்தார்.

"நெசமாவா தம்பி?"

"கழுத்து அவரு கட்டுனது அண்ணி. எனக்குத் தெரியாதா?"

அவர் முகத்தில் அப்போது வந்ததை என்னால் எழுத முடியாது. அதைப் பார்ப்பதற்குத்தான் இத்தனை வருஷம் விரல் தேய்த்தேன் என்று தோன்றியது. அன்றைக்கே காரியம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அண்ணியின் அண்ணன் என் கடைக்கு வந்தார். கூடவே அண்ணியின் மகளும் வந்திருந்தாள். அவர் உட்காரக்கூட இல்லை.

"மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க தம்பி. உசிரோட இருக்காருன்னா ஏன் கல்யாணத்துக்கு வரலேன்னு கேக்குறாங்க. பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு ஓடுன ஆளா, அங்க வேற குடும்பம் இருக்கான்னு கேக்குறாங்க. நான் என்னா பதில் சொல்றது?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. இறந்துபோன தகப்பனுக்கு ஒரு மரியாதை இருந்தது. நான் அவரை உயிரோடு எழுப்பி, ஓடிப்போனவராக ஆக்கியிருந்தேன். அந்தப் பெண் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அப்பா செத்தே போயிருக்கலாம்னு என்னைய நெனைக்க வெச்சிட்டீங்க சித்தப்பா."

அப்போதாவது 'இன்னொரு தடவை பார்க்கிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு அந்தக் கழுத்து தெரியும், எனக்குத் தெரிந்ததை மாற்றிச் சொல்ல முடியாது என்று ஏதோ நியாயஸ்தன்போல் பேசினேன். நெருக்கடியில் மனிதன் பிடித்துக்கொண்டிருப்பது உண்மையையா, தன் ஆசையையா என்று அவனுக்கே தெரிவதில்லை. இரண்டுக்கும் பிடி ஒரே மாதிரித்தான் இருக்கும்.

மறுநாள் காலை அண்ணி தனியாக பஸ் ஏறி வந்தார். கையில் குடையும் ஒரு பையும். பையில் எனக்கு இடியப்பம்.

"வண்டியக் காட்டுங்க தம்பி."

காட்டினேன். வண்டிக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்தார். கண்ணாடி வளையல்களை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். அவர் இடது கையில் கல்யாணத்தன்று போட்ட வெள்ளிக் காப்பு ஒன்று உண்டு. மணிக்கட்டுக்குச் சற்று மேலே இறுகிக்கிடக்கும், அசையாது. முழங்கையைக் கழுத்துக் குழாயில் வைத்தார். காப்பு வந்து நின்ற இடத்தை வலது விரலால் தொட்டுக்கொண்டு கையை நகர்த்தினார். மறுபடி முழங்கை, மறுபடி காப்பு. மூன்றாவது முறை வைத்தபோது காப்பு சரியாகக் குழாய் வளைகிற இடத்தில் போய் நின்றது.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"அளக்குறேன். அவருக்கு ரெண்டு கையும் கொழாயைப் புடிச்சிக்கிட்டிருக்கும். டேப்ப யாரு புடிக்கிறது? உன் கைய வையிம்பாரு. என் மொழங்கையிலேருந்து காப்பு வரைக்கும் அவரோட ஒரு சாண். எல்லா வண்டியும் இந்தக் கைய வெச்சித்தான் அளந்தது."

அவரோடு எத்தனையோ வருஷம் வேலை செய்தவன் நான். அண்ணன் கட்டிய பிரேம்களை டேப் வைத்து அளக்கும்போதெல்லாம் அங்குலத்திலும் சேராத, சென்டிமீட்டரிலும் சேராத அளவுகள்தான் வரும். பழைய குழாய், அதனால் கோணலாகிவிட்டது என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத அளவுகோல் ஒன்று சுவாவில் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தது.

இன்ஜின் உட்காரும் இடத்தை அளந்தார். இரண்டு கை. பொருந்தியது. சீட்டுக்குக் கீழே போனார். காப்பு எங்கேயும் போய் நிற்கவில்லை. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அந்தப் பக்கம் சுற்றி வந்து உட்கார்ந்து அங்கேயும் வைத்துப் பார்த்தார். நான்கு முறை பார்த்தார். கடைசியில் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"முன்னுக்கு அவரு தம்பி. பின்னுக்கு யாரோ."

அரத்தை எடுத்துக்கொண்டு வந்து, சீட்டுக்கு அடியில் அவர் கை நின்ற இடத்தில் பெயிண்டைச் சுரண்டினேன். பத்து நிமிஷ வேலை. மூன்று நாளாக நான் செய்யாத பத்து நிமிஷ வேலை. குழாயை அறுத்து, உள்ளே இன்னொரு குழாயைச் செருகி, வேறொருவர் வெல்டிங் பண்ணியிருந்தது. அண்ணன் ஜொகூருக்கு ஏற்றிப்போன இரண்டு வண்டிகளில் ஒன்றாகத்தான் அது இருக்க வேண்டும். பின்னால் வந்த யாரோ ஒருவர் பின்பாதியை வெட்டிவிட்டு, புது மாதிரி ஸ்பிரிங் வைத்திருக்கிறார். அந்த வண்டி சொன்னது, அண்ணன் போவதற்கு முன்னால் அதைக் கட்டினார் என்பதை மட்டும்தான். அது எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

மன்னிப்புக் கேட்டேன். அண்ணி மறுபடி வண்டியின் முன்பக்கம் போனார். முழங்கையிலிருந்து காப்பு வரை அந்தக் கையைக் கழுத்துக் குழாயின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இந்த முறை அளப்பதற்காக இல்லை. நான் அந்தப் பக்கம் திரும்பி ஏதோ நட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"புள்ளைக்குக் கல்யாணம் நடக்கணும்ல" என்றார் எழுந்து. "சனிக்கெழமை காரியம் நடக்கட்டும், கார்டுலயும் அப்படியே போட்டுக்கட்டும்னு அண்ணங்கிட்ட சொல்லிடுங்க. இடியப்பம் ஆறிடும், சாப்பிடுங்க."

வெள்ளிக்கிழமை வந்த நீலாய்க்காரரிடம், முன்பாதி ஒருவர், பின்பாதி வேறொருவர் என்று எழுதிய தாளைக் கொடுத்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "அண்ணே, பின்னுக்கு உள்ளத எழுதாம வுட்டா என்னா?" என்று கேட்டுப் பார்த்தார். இன்றைக்கு உங்களிடமும் கேட்பார்கள். பின்பாதியைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று அந்த வாரம்தான் பார்த்திருந்தேன்.

சனிக்கிழமை காலை போர்ட்டிக்சன் போனேன். முதல்நாள் அண்ணியின் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, காப்பு இறுகிக் கெடக்கு, கழட்ட முடியாது. வெட்டுற குறடு ஒண்ணு எடுத்துட்டு வந்துருங்க" என்று சொல்லியிருந்தார். வெட்டுக் குறடு என்னிடம்தான் உண்டு, என்ன செய்வது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அந்தப் பாரத்தை இப்போதும் நெஞ்சுக்குப் பக்கத்தில் உணர முடிகிறது.

ஐயர் சொன்னதையெல்லாம் அண்ணி செய்தார். பொட்டை அழித்தார். கண்ணாடி வளையல்களைக் கழற்றினார். தாலியைக் கழற்றித் தன் அண்ணன் மனைவியிடம் கொடுத்தார். அழவில்லை. பிறகு அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கையை நீட்ட, நான் குறட்டை எடுத்தேன். அண்ணி இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

"இது மட்டும் வேணாம்."

"அப்படி இருக்கக்கூடாதும்மா, முறை இல்ல" என்றார் அவர் அண்ணன்.

அண்ணி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இத வெட்டிட்டா அளவு போயிடும்ல தம்பி. நாளைக்கு இன்னொரு வண்டி வந்தா எத வெச்சிப் பாப்பீங்க?"

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். குறட்டை மறுபடி பையில் போட்டுக்கொண்டேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அதற்குப் பிறகு, கடையை மூடும்வரை, அண்ணனுடையதாக இருக்கலாம் என்று மூன்று வண்டிகள் வந்தன. மூன்று முறையும் முதலில் பெயிண்டைச் சுரண்டினேன், பிறகுதான் சுவாவுக்குப் போனேன். மூன்று முறையும் அண்ணி இடியப்பத்தோடு வந்து, கையை வைத்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஒன்று முழுக்க அண்ணன் கட்டியது, ஆனால் இரட்டை ஸ்பிரிங், அவர் போவதற்கு முந்தியது. மற்ற இரண்டும் அவருடையவை அல்ல.

இப்போது என்னிடம் கடை இல்லை. வண்டிகள் உங்களிடம்தான் வரும். சீட்டுக்கு அடியில் ஒற்றை ஸ்பிரிங் வைத்து, கழுத்துக்குக் கீழே இடது பக்கம் பாசிப்பயறு அளவுக்கு ஒரு முடிச்சு உள்ள வண்டி வந்தால், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் முழுக்கச் சுரண்டிப் பாருங்கள். வேறு ஆள் போட்ட ஒட்டு எங்கேயும் இல்லை என்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள். நான் சுவாவுக்குப் போய் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்தக் காப்பு இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.